பழைய பன்றிக் கொட்டில்களைப் புதுப்பித்த டென்மார்க்கு உழவர்கள்

டென்மார்க்கு தேசத்தின் கூட்டுறவைப் பற்றி நம் அங்கத்தினர்கள் கேள்விப்பட்டிருப்பது பெரும்பாலும் பால் சங்கங்களின் கதையே. 1882-ஆம் ஆண்டில் ஹ்யெடிங் என்னும் சிற்றூரில் உழவர்கள் ஒன்று கூடிப் பாற்பண்ணை தொடங்கியதும், அது நாடெங்கும் பரவியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. ஆனால் அந்தப் பாற்பண்ணையின் பின்வாசல் வழியாக வெளியே சென்ற பொருளைப் பற்றி எழுதியவர் குறைவு. வெண்ணெய் எடுத்த பின் எஞ்சிய பாலை உழவர்கள் பீப்பாய்களில் வீட்டிற்குத் திருப்பி எடுத்துச் சென்றனர். அதைக் குடித்து வளர்ந்தவை பன்றிகள். வெண்ணெய் பெருகப் பெருகப் பன்றியும் பெருகிற்று.

அக்காலத்தில் பன்றிகள் உயிரோடு ஜெர்மனிக்கு விற்கப்பட்டன. 1887-ஆம் ஆண்டில் நோய்ப் பயத்தைக் காரணம் காட்டி ஜெர்மனி தன் எல்லையை அடைத்துவிட்டது. உயிர்ப் பன்றிக்கு வழியில்லை என்றால் உப்பிட்ட இறைச்சியாக்கி இங்கிலாந்துக்கு அனுப்புவோம் என்று தீர்மானித்து, அதே ஆண்டில் ஜட்லாந்துப் பகுதியிலுள்ள ஹார்சன்ஸ் நகரில் உழவர்கள் முதலாவது கூட்டுறவு இறைச்சிச் சாலையை நிறுவினர். பத்துப் பன்றி உடையவனுக்கும் நூறு பன்றி உடையவனுக்கும் ஒரே வாக்கு; தன் பன்றியைச் சங்கத்திற்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு; கொடுத்த எடைக்கு ஏற்ப ஆதாயம். கைத்தறிச் சங்க அங்கத்தினருக்கு இவ்விதிகளை விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலேயர் காலைச் சிற்றுண்டிக்கு வாங்கிய பேக்கன் இறைச்சி ஒரே நீளமாகவும், ஒரே அளவு கொழுப்புடையதாகவும் இருக்க வேண்டும். ஒருவன் கொட்டிலில் குளிரும் ஈரமும் மிகுந்து பன்றி நலிந்தால், சங்கத்தின் முத்திரைக்கே இழுக்கு. இதனால்தான் அந்நாட்டில் ஒருவன் தன் கொட்டிலை எப்படிக் கட்டுகிறான் என்பது அவன் சொந்தக் காரியமாக மட்டும் இருந்ததில்லை. நெசவிலும் இதே நிலைதான். ஒரு தறியில் ஊடை தளர்ந்தால் சங்கத்துச் சேலை முழுவதற்கும் பெயர் கெடுகிறது.

பழைய கொட்டிலின் அமைப்பு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டென்மார்க்கில் எழுந்த கொட்டில் பிற நாடுகளிலும் 'டேனிஷ் கொட்டில்' என்றே பெயர் பெற்றது. நீண்ட செங்கற் கட்டிடம். நடுவில் தீவனம் கொண்டு செல்லும் நடைபாதை. அதன் இருமருங்கும் பன்றிகள் படுக்கும் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் பின்னால், வெளிச்சுவரை ஒட்டிச் சாணப் பாதை. கதவுகளை ஒரு பக்கம் திருப்பினால் பன்றிகள் படுக்கையிலே அடைபடும். சாணப் பாதை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திறந்த வழியாகிவிடும். ஒருவன் தள்ளுவண்டியோடு சென்று வழித்துக்கொண்டு வரலாம். மேலே தாழ்ந்த கூரைத் தளத்தின்மீது வைக்கோற் போர். குளிரைத் தடுத்ததும் அதுவே, உள்ளிருந்த ஈரக் காற்றை மெல்ல உறிஞ்சி வெளியேற்றியதும் அதுவே.

இக்கட்டிடத்தை வகுத்தவர்கள் பன்றியின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர் என்பது என் கருத்து. பன்றி அசுத்தப் பிராணி என்று சொல்வது அறியாமை. இடம் கொடுத்தால் அது படுக்கும் இடத்தில் ஒருபோதும் சாணமிடாது. வெதுவெதுப்பான, உலர்ந்த, காற்று வீசாத மூலையில் படுக்கும். குளிர்ந்த, ஈரமான இடத்தைத் தேடிச் சென்று கழிக்கும். இந்த ஓர் உண்மையை மறந்து கட்டப்பட்ட கொட்டில் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் வீணே. பிற்காலத்தில் புதுப்பித்தவர்களில் வென்றவர்கள் இதை நினைவில் வைத்தவர்கள்.

1960-க்குப் பின் கூலியாட்கள் நகரங்களுக்குச் சென்றுவிட, தள்ளுவண்டியும் வைக்கோலும் கட்டுப்படியாகவில்லை. சிமெண்டு விட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய தளம் வந்தது. சாணமும் சிறுநீரும் இடைவெளி வழியே கீழே உள்ள வாய்க்காலில் விழும். குழம்பாகக் குழாய் வழியே தொட்டிக்குப் போகும். சினைப் பன்றிகளை ஒவ்வொன்றாக இரும்புக் கம்பிச் சட்டத்துக்குள் நிறுத்தும் வழக்கமும் பரவியது. அச்சட்டம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம். பன்றி எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. சினைக்காலம் ஏறக்குறைய 115 நாட்கள். ஈன்று, குட்டி பால் மறந்து, மீண்டும் சினைப்பட்டால் மறுபடியும் அதே சட்டம்.

சட்டம் மாறிற்று

சுவீடன் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வழக்கத்தைக் கைவிடத் தொடங்கியது. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தடை. டென்மார்க்கு 1998-இல் தனிச் சட்டம் இயற்றி, புதிதாகக் கட்டும் கொட்டில்களில் சினைப் பன்றிகளைத் தளர்வாகக் கூட்டமாக வைக்கக் கட்டளையிட்டது. 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் விதி வந்தது. 2013-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, சினைப்பட்ட நான்கு வாரங்களுக்குப் பின், ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு வரை, தாய்ப்பன்றிகள் கூட்டமாகவே இருக்க வேண்டும் என்பது அவ்விதி.

பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசம் என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கொட்டிலின் கடன் இருபது ஆண்டுகளுக்கு மேலும் நீளும். 1995-இல் கம்பிச் சட்டங்களை வாங்கிப் பதித்தவன், கடன் தீருமுன் அவற்றைப் பிடுங்க வேண்டியவனானான். அவன் முன் மூன்று வழிகள் இருந்தன: புதிதாகக் கட்டுவது, பழையதை மாற்றுவது, அல்லது தாய்ப்பன்றிகளை விற்றுவிட்டுத் தொழிலை விடுவது. 1960-களில் அந்நாட்டில் பன்றி வளர்த்த பண்ணைகள் ஒரு லட்சத்திற்கும் மேல். இன்று எஞ்சியவை சில ஆயிரமே. அத்தனை பேரையும் வெளியேற்றியது இச்சட்டம் என்று சொல்வது தவறு. பெரும்பாலோர் அதற்கு வெகுகாலம் முன்பே விலகிவிட்டனர். எனினும் நடுத்தர உழவனுக்கு இது இறுதிச் சோதனையாக வந்தது உண்மை.

இடக் கணக்கு

புதுப்பிக்க எண்ணியவன் முதலில் எடுத்தது அளவுகோல். கூட்டமாக வைக்கும்போது ஒரு தாய்ப்பன்றிக்கு 2.25 சதுர மீட்டர் தளம் வேண்டும். முதற் சினைப் பெட்டைக்கு 1.64. கூட்டத்தில் நாற்பதும் அதற்கு மேலும் இருந்தால் இதில் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். ஆறுக்குக் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்.

நூறு கம்பிச் சட்டங்கள் கொண்ட கொட்டிலை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 1.3 சதுர மீட்டர், மொத்தம் 130. பெருங்கூட்டச் சலுகைப்படி ஒன்றுக்கு ஏறத்தாழ 2.03 என்றால் 64 பன்றிகளே அடங்கும். மூன்றிலொரு பங்கு போய்விட்டதே என்று உழவன் தலையில் கை வைப்பான். ஆனால் சட்டங்களுக்குப் பின்னால் ஆள் நடக்க ஒரு மீட்டர் பாதை இருந்தது அல்லவா? சட்டங்கள் போனபின் அந்தப் பாதை தனியாக வேண்டியதில்லை. அதுவும் பன்றியின் தளமாகிறது. ஒரு வரிசைக்கு ஒரு பாதை என்றிருந்த கொட்டிலில் ஒவ்வொரு பன்றிக்கும் 0.65 சதுர மீட்டர் மிகுதி. மொத்தம் 195 சதுர மீட்டர் ஆகி, 96 பன்றிகள் வரை அடங்கும். இரு வரிசைக்குப் பொதுவாக ஒரே பாதை இருந்தால் 80 அடங்கும். ஆகவே இரண்டு கொட்டில்களின் நீள அகலம் ஒன்றாகவே இருந்தும், ஒன்று புதுப்பிக்கத் தக்கதாகவும் மற்றொன்று தகாததாகவும் இருக்கலாம். காகிதத்தில் கோடு போட்டுப் பாராமல் கொத்தனாரை அழைப்பவன் நஷ்டப்படுவான்.

இடம் போதுமானாலும் தளம் போதாமற் போவதுண்டு. ஒவ்வொரு தாய்ப்பன்றிக்கும் 1.3 சதுர மீட்டர் அளவு கெட்டித் தளம் வேண்டும். அதில் வடிகால் துளைகள் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படலாகாது. முழுவதும் இடைவெளித் தளம் போட்டிருந்தவர்கள் விட்டங்களின் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டு, கெட்டிப் பலகைகளைப் பதித்தனர். தாய்ப்பன்றிக்கு உரிய இடத்தில் விட்டங்களின் இடைவெளி 20 மில்லிமீட்டருக்கு மிகாமலும், விட்டத்தின் அகலம் 80 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். குளம்பு சிக்கினால் பன்றி நொண்டும். கூட்டத்தில் நொண்டிக்கு வாழ்வில்லை.

பழைய சிமெண்டுத் தளத்தில் ஒரு மறைவான வியாதி உண்டு. நீர்த் தீவனம் புளிக்கும்போது உண்டாகும் அமிலம் தொட்டியின் அடியைத் தின்னும். தொட்டிக்கு முன்னால் ஒரு முழ அகலத்திற்குச் சரளைக் கற்கள் பல்லிளித்து நிற்பதைப் பழைய கொட்டில்களில் காணலாம். அதன்மேல் மெல்லிய பூச்சு பூசுவது வீண். அரிக்கப்பட்டதை நல்ல கல் தென்படும் வரை கொத்தி எடுத்து, அமிலம் தாங்கும் கலவையிட்டோ, சுட்ட ஓடு பதித்தோ சரிசெய்ய வேண்டும்.

தீவனம் கொடுக்கும் முறை

கூட்டத்தில் பன்றிகள் சண்டையிடும். அறிமுகமில்லாத பன்றிகளைச் சேர்த்தால் முதல் இரண்டு நாட்கள் கடும் போர். பிறகு இன்னது பெரிது, இன்னது சிறிது என்ற வரிசை அமைந்து அடங்கும். ஆனால் தீவன நேரத்தில் அவ்வரிசை மீண்டும் தலைகாட்டும். தரையில் பரப்பித் தீவனம் போடுவது செலவு குறைந்த வழி. வலியது இரட்டைப் பங்கு தின்னும், சாது மெலியும். நீண்ட தொட்டியில் ஒரே வேளையில் எல்லாம் நின்று தின்னும்படி செய்யலாம். தொட்டி நீளம் போதாத பழைய கொட்டிலில் அது நடவாது. பன்றி தானே நுழைந்து, தானே வெளியேறும் தீவனச் சட்டங்களைப் பலர் பதித்தனர். சண்டைக்கு இது நல்ல மருந்து. இடம் மிகப் பிடிக்கும்.

நான்காவது வழி மின்னணு நிலையம். ஒவ்வொரு பன்றியின் காதிலும் ஒரு வில்லை. பன்றி உள்ளே வந்ததும் கதவு மூடும். யந்திரம் வில்லையைப் படித்து, அதற்குரிய அளவு தீவனத்தை விடும். பங்கு முடிந்த பன்றி மறுபடி வந்தால் ஒன்றும் விழாது. ஐம்பது அறுபது பன்றிகளுக்கு ஒரு நிலையம் போதும். தூண்கள் குறுக்கிடும், கோணல் மாணலான பழைய கட்டிடத்திற்கு இதுவே எளிதில் பொருந்திற்று. யந்திரம் ஓர் இரவு நின்றுவிட்டால் ஐம்பது பசித்த பன்றிகளின் கூச்சலை அடக்க ஆள் வேண்டும். இளம் பெட்டைகளை அதனுள் நடக்கப் பழக்கவும் பொறுமை வேண்டும். பழக்கத் தெரிந்தவன் இல்லாத பண்ணையில் இந்நிலையத்தை வாங்குவது தவறு என்றே நினைக்கிறேன்.

குட்டியின் வெப்பமும் தாயின் குளிர்ச்சியும்

பிறந்த குட்டிக்கு 34 டிகிரி அளவு உஷ்ணம் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கோ 20 டிகிரிக்குள் இருந்தால்தான் தீவனத்தில் மனம் செல்லும். ஒரே அறையில் இரண்டு பருவங்களை எப்படி உண்டாக்குவது? அறையை வெப்பமாக்காமல், மூலையில் மூடியுடன் கூடிய சிறு கூடு அமைத்து, அதன் தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓட்டி, மேலே சிவப்பு விளக்கு தொங்கவிட்டனர். குட்டி தானாகவே அங்கே போய்ப் படுக்கும். தாய் புரண்டு நசுக்கும் விபத்தும் குறையும்.

பால் மறந்த குட்டிகளுக்கும் இதே யுக்தி. அறையின் முற்பகுதிக்கு மட்டும் தாழ்ந்த மூடியும் வெந்தரையும். மற்றப் பகுதி குளிர்ந்த இடைவெளித் தளம். பழைய டேனிஷ் கொட்டிலின் படுக்கையும் சாணப் பாதையும் வேறு உருவில் திரும்பி வந்தன என்று சொல்லலாம். கொட்டில் முழுவதையும் சூடாக்க எரித்த எண்ணெய் மிச்சமாயிற்று.

காற்றோட்டத்தில் பழைய கட்டிடங்கள் பெருந்தொல்லை கொடுத்தன. சுவரில் துளையிட்டு விசிறி வைத்தால், குளிர்காற்று நேரே பன்றியின் முதுகில் விழும். படுக்கும் இடம் குளிர்ந்ததும் பன்றி இடத்தை மாற்றிச் சாணமிடத் தொடங்கும். வால் கடித்தலும் பரவும். டென்மார்க்கில் பெருவழக்கான முறை, கூரைத் தளத்தையே சல்லடையாக்குவது. துளையுள்ள தகட்டின்மேல் கனிமப் பஞ்சைப் பரப்புவர். கூரை உச்சியிலுள்ள விசிறி உள்காற்றை உறிஞ்ச, வெளிக்காற்று பஞ்சின் வழியே எங்கும் சமமாக மெல்ல இறங்கும். வைக்கோற் போர் செய்த வேலையைத்தான் பஞ்சு செய்கிறது. ஆனால் பஞ்சில் தூசி அடைத்தால் காற்று நின்றுவிடும். சுவரில் ஒரு வெடிப்பு இருந்தாலும் காற்று அவ்வழியே புகுந்து பஞ்சை ஏமாற்றிவிடும். ஆகவே விசிறி வாங்குமுன் வெடிப்புகளை அடைக்க வேண்டும். பழைய கூரைத் தகடுகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அவற்றை உடைக்காமல், தூசி எழாமல், அதற்குரிய ஆட்களைக் கொண்டே இறக்க வேண்டும்.

மின்கம்பிகளையும் மறக்கலாகாது. அம்மோனியா வாயு செம்பை அரிக்கும், எலி உறையைக் கடிக்கும். பழைய கம்பியில் புது விசிறிகளை மாட்டுவது கொட்டிலுக்குத் தானே கொள்ளி வைப்பதாகும்.

சாணமும் கடலும்

1986-ஆம் ஆண்டில் கட்டெகாட் கடலில் பிராண வாயு இல்லாமல் மடிந்த கல் இறால்கள் வலையில் வந்ததைத் தொலைக்காட்சியில் கண்டு தேசமே திடுக்கிட்டது. வயல்களிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் கசிந்த தழைச்சத்து கடலில் பாசியை வளர்த்து, பாசி அழுகும்போது பிராண வாயுவைக் குடித்துவிட்டது. 1987-இல் பாராளுமன்றம் நீர்நிலைப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்றது. குளிர்காலத்தில் பயிரில்லாத நிலத்தில் சாணக் குழம்பை இறைக்கலாகாது. அது வரை சேமித்து வைக்கப் பெருந்தொட்டி வேண்டும். கொட்டிலைப் புதுப்பிக்க விரும்பியவன் தொட்டியையும் கட்டியாக வேண்டும் என்றாயிற்று. பலருடைய கணக்கு பன்றியால் உதைக்கவில்லை, தொட்டியால் உதைத்தது.

கொட்டிலுக்கு அடியிலுள்ள வாய்க்காலைப் பழுது பார்ப்பதில் உயிர்ச்சேதம் உண்டு. தேங்கிய குழம்பைக் கலக்கினால் கந்தக வாயு குபீரென எழும். மிகுதியானால் மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும். ஒருவன் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவனும் விழுவான். ஆகையால் குழம்பைத் திறந்துவிடும்போது எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓட்டி, ஆட்கள் வெளியேறிவிடுவது வழக்கம். நம் ஊரில் சாண எரிவாயுக் கிடங்கை மூடித் திறப்போரும் இதை மனத்தில் கொள்ளலாம்.

அறை பிரித்தலும் வாசலும்

கிழக்கு மேற்காக ஒரே நீளமாகக் கிடந்த கொட்டிலைக் குறுக்குச் சுவர்களால் தனித்தனி அறைகளாக்கியதே, செலவைவிடப் பலன் மிகுந்த மாறுதல் என்று சொல்வேன். ஓர் அறையில் ஒரே வாரத்தில் பிறந்த குட்டிகள் மட்டும் நுழையும்; எல்லாம் ஒன்றாகவே வெளியேறும்; அறையைக் கழுவி, மருந்து தெளித்து, உலர்த்திய பிறகே அடுத்த கூட்டம் வரும். நீண்ட கொட்டிலில் மூத்த பன்றியின் இருமல் இளங்குட்டிக்கு வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. சுவர் எழுந்ததும் சங்கிலி அறுந்தது. குட்டிகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்து வந்த துத்தநாக ஆக்சைடு மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிறுத்திவிட்டபின், உலர்ந்த சுத்தமான அறையின் மதிப்பு இன்னும் உயர்ந்தது.

வாசலில் ஒரு நீண்ட பலகை இருக்கும். வெளியிலிருந்து வருபவன் இப்புறம் அமர்ந்து காலணியைக் கழற்றி, கால்களை அப்புறம் போட்டு, கொட்டிலுக்கென்றே வைத்த ஆடையையும் ரப்பர் காலணியையும் அணிந்துகொள்கிறான். ஆயிரக்கணக்கான ரூபாய் யந்திரம் செய்யாத காவலை இந்தப் பலகை செய்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு அஞ்சி ஜெர்மனி எல்லை நெடுக வேலியே போட்டு 2019-இல் முடித்த தேசம் அது. அந்நோய் 2020-இல் இந்தியாவின் வடகிழக்கிலும் புகுந்துவிட்டது என்பதை நம் நாட்டுப் பன்றி வளர்ப்போர் அறிவர்.

நம் நாட்டில் காரியம் தலைகீழ். காட்டுப்பாக்கம் முதலிய இடங்களில் வளர்க்கப்படும் வெள்ளை யார்க்ஷயர் இனம், டென்மார்க்கு உழவர்கள் தம் நாட்டு இனத்தோடு கலந்த அதே இனம்தான். அதற்குக் குளிரால் இங்கே துன்பமில்லை, வெயிலால்தான். பன்றி வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியாத பிராணி. டென்மார்க்கிலேயே 20 கிலோவுக்கு மேற்பட்ட பன்றிகளுக்கு நீர் தெளிக்கும் வசதி கட்டாயம் என்றால், நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பஞ்சுக் கூரையும் வெந்நீர்க் குழாயும் வேண்டாம். உயர்ந்த கூரை, திறந்த பக்கம், நிழல், தெளிப்பு நீர் போதும். சாண இடத்தில் நீரைத் தெளித்தால் பன்றி அங்கேயே கழிக்கும், படுக்கை உலர்ந்திருக்கும்.

டென்மார்க்கில் வேலை முடிந்துவிடவில்லை. சினைக்காலக் கம்பிச் சட்டங்கள் போனாலும், ஈனும் அறையில் தாயைச் சட்டத்துள் வைக்கும் வழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. ஐரோப்பாவில் கூண்டுகளையே ஒழிக்க வேண்டுமென்று 2018-இல் தொடங்கிய மனுவில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் ஒப்பமிட்டனர். 2021-இல் ஐரோப்பிய ஆணையம் சட்டம் கொண்டுவருவதாக வாக்களித்தது. தாய் தளர்வாக ஈனும் அறைக்கு ஏறத்தாழ 6 சதுர மீட்டர் வேண்டும். பழைய அறைகள் அதற்குச் சிறியவை. ஈனும் அறையின் தளம் தேய்ந்துபோன உழவன், பழைய அளவில் மறுபடி பதிப்பதா, ஒரு சுவரை இடித்து ஐந்து அறையை மூன்றாக்குவதா என்று தன் சங்கத்தின் ஆலோசகரோடு அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.